சுரங்கத்தைப் பிடிக்கலாம், தண்ணீரை?

வேற்றுலகத்தார் வந்து ஒரு சுரங்கத்தைக் கைப்பற்றி மனிதர்களை வேலை வாங்குவது அறிவியல் புனைகதையில் பழகிய களம். 1982இல் வெளிவந்த எல். ரான் ஹப்பர்டின் ‘பேட்டில்ஃபீல்ட் எர்த்’ நாவலில் பூமியே ஒரு வேற்றுலக நிறுவனத்தின் சுரங்கமாகக் கிடக்கிறது. 1990இல் வந்த ‘டோட்டல் ரீகால்’ படத்தில், செவ்வாய்க் கோளின் சுரங்கத்துக்குள் வேற்றுலகத்தார் விட்டுச் சென்ற இயந்திரம் புதைந்திருக்கிறது. அங்கே அதிகாரம் செய்கிறவன் காற்றை அடைத்தே மக்களை அடக்குகிறான். ‘அவதார்’ (2009) கதையைத் திருப்பிப் போட்டது. பண்டோராவைத் தோண்ட வந்த வேற்றுலகத்தார் மனிதர்களேதான்.

இந்தக் களத்தைக் கடலூர் மாவட்டத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? இங்கே அதற்குத் தோதான இடம், பழுப்பு நிலக்கரிச் சுரங்கமுள்ள நெய்வேலி. அதன் மண்ணியலைப் படிக்கப் படிக்க, இந்த வகைக் கதைகள் ஒரு பெரிய பாத்திரத்தை விட்டுவிட்டன என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. அந்தப் பாத்திரம் தண்ணீர். நெய்வேலிச் சுரங்கத்தை ஒருமுறை பிடித்துவிட்டு உட்கார முடியாது. ஒவ்வொரு மணி நேரமும் அதைத் தண்ணீரிடமிருந்து காத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடுவோம். அவர்கள் ஏன் நெய்வேலிக்கு வர வேண்டும்? இரும்பும் நிக்கலும் வேண்டுமென்றால் சிறுகோள்களில் கிடைக்கும். உலோகம் மிகுந்ததாகக் கருதப்படும் ‘சைக்கி’ என்ற சிறுகோளை ஆராய 2023 அக்டோபரில் நாசாவே ஒரு விண்கலத்தை அனுப்பியிருக்கிறது. சிறுகோளின் ஈர்ப்பு மிகக் குறைவு. அள்ளிக்கொண்டு போவது எளிது. பூமியிலிருந்து எதையும் தூக்கிப் போக வேண்டுமென்றால் நொடிக்கு 11.2 கி.மீ. வேகம் வேண்டும். அந்த வேகத்தில் ஒரு கிலோ பொருளுக்கு உள்ள ஆற்றல் ஏறத்தாழ 63 மெகாஜூல். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி ஒரு கிலோ எரிந்தால் கிடைப்பது சுமார் 10 மெகாஜூல்தான். அதன் எடையில் பாதி ஈரம். ஒரு கிலோ கரியை வெளியே கொண்டுபோக, அந்தக் கரி தரும் ஆற்றலைப் போல ஆறு மடங்கைச் செலவிட வேண்டும். எரிக்க ஆக்சிஜன் வேறு தேவை. எரிபொருளுக்காக வந்தார்கள் என்று எழுதினால் பள்ளி மாணவர்களே கணக்குப் போட்டுக் கேட்டுவிடுவார்கள்.

ஆனால் இன்னொரு காரணம் இருக்கிறது. பொன்னும் இரும்பும் விண்வெளியெங்கும் உண்டு. நிலக்கரி, உயிர் தழைத்த கோளில் மட்டுமே உருவாக முடியும். ஒரு காலத்துக் காடு சதுப்பில் விழுந்து, மண் மூடி, பல லட்சம் ஆண்டுகள் அழுந்தினால்தான் அது பிறக்கும். நாம் அறிந்தவரை அது பூமியில் மட்டும்தான். கடலூர் மணற்கல் என்று மண்ணியலாளர்கள் அழைக்கும் பாறைத் தொகுதியில் அந்தப் பழங்காடுகளின் தடங்கள் வேறு இடங்களிலும் உண்டு. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் இன்றும் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி 1781இலேயே சொன்னேரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் எழுதியிருக்கிறார். மரத்தையே பார்த்திராத ஓர் இனத்துக்கு, காட்டின் எச்சம் அடுக்கடுக்காகக் கிடக்கும் ஒரு நிலம் பொன்னைவிட அரிதாக இருக்கலாம். நான் எழுதினால் அவர்களை அதற்காகத்தான் வரவழைப்பேன்.

வந்தவர்கள் பார்ப்பது இருண்ட குகையாக இருக்காது. ஆழ்சுரங்கக் கதை வேண்டுமென்றால் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயல் இருக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம், 2001இல் மூடப்பட்டது. 1965இல் விண்ணின் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதிப் பிறக்கும் நியூட்ரினோக்களைப் பிடித்துக்காட்டிய இடமும் அதுதான். நெய்வேலி வேறு வகை. அது வானம் பார்த்த திறந்தவெளிச் சுரங்கம். சக்கரத்தின் விளிம்பில் வாளிகளைக் கோத்த ராட்சத இயந்திரங்கள் மண்ணைச் சுரண்டிச் சுரண்டிக் கன்வேயர் பெல்ட்டில் போடுகின்றன. ஜெர்மானிய வடிவமைப்பு, பெரியவற்றில் ஒரு வாளி 1,400 லிட்டர் கொள்ளும். மின்சாரத்தில் ஓடுபவை. முதன்முறை பார்க்கிறவருக்கு இதைவிட வேற்றுலகத் தோற்றம் வேறு வேண்டாம்.

இந்தக் கரி வெளியுலகுக்குத் தெரியவந்ததே தண்ணீர் தேடியபோதுதான். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். இடையில் நான்கு ஆண்டுகள். அவ்வளவு காலம் மேல்மண்ணை மட்டுமே வாரினார்கள். வாளியின் பற்களைத் தேய்த்துவிடும் கடினமான மணற்கல் அது.

இனி அந்தத் தண்ணீருக்கு வருகிறேன். நெய்வேலியில் கரிப்படுகைக்கு மேலே சுமார் 45 முதல் 100 மீட்டர் வரை மண்ணும் மணற்கல்லும் களிமண்ணும். படுகைக்குக் கீழே மணலுக்குள் மிகப் பெரிய நீர்த்தேக்கம் பரவிக் கிடக்கிறது. மேற்கே மேட்டு நிலத்தில் மழைநீர் இறங்கி, மேலும் கீழும் களிமண் அடுக்குகளுக்கு நடுவே சிக்கி, கடலை நோக்கிச் சாய்ந்து வருகிறது. வெளியேற வழி இல்லாததால் அழுத்தத்தோடு நிற்கிறது. முன்பு இந்த வட்டாரத்தில் போர் போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் தானாகப் பொங்கி வழியும். ஆர்ட்டீசியன் ஊற்று என்பார்கள்.

அந்த அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை. இதைச் சதுர மீட்டருக்கு மாற்றினால் 60 முதல் 80 டன். ஒரு சதுர மீட்டர் தரையைக் கீழேயிருந்து அவ்வளவு எடை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. மேல்மண் இருக்கும்வரை கவலை இல்லை. 80 மீட்டர் மண்ணின் எடை, கன மீட்டருக்கு இரண்டு டன் என்று வைத்தால், 160 டன். அது அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். மண்ணை வாரி எடுத்த பிறகு மிச்சம் இருப்பது கரி மட்டும். 15 மீட்டர் தடிமன் கரியின் எடை, ஒரு சதுர மீட்டருக்கு 17 டன் அளவுதான். கொதிக்கிற உலையின் மூடிமேல் வைத்திருந்த குழவிக் கல்லை எடுத்துவிட்ட கதை. சுரங்கத்தின் தரை உப்பும், வெடிக்கும், கரியைப் பிளந்துகொண்டு நீர் உள்ளே பாயும்.

அதனால்தான் நெய்வேலியில் கரி எடுப்பதற்கு முன் தண்ணீர் எடுக்கிறார்கள். குழியைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இரவும் பகலும் இறைத்து, கரிக்கு அடியில் அழுத்தத்தைத் தணிக்கிறார்கள். தரைக்குக் கீழே அழுத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கத் தனிக் கண்காணிப்புக் கிணறுகள் உண்டு. வெட்டுமுகம் நகர நகரப் பழைய கிணறுகளை விட்டுவிட்டுப் புதியவற்றைப் போட வேண்டும். சுரங்கத்தின் பெருமையைப் பேசும்போது எல்லாரும் அந்த வாளிச் சக்கரத்தைக் காட்டுகிறார்கள். என் கண்ணுக்கு உண்மையான சாதனை இந்தப் பம்புகள்தான்.

ஆக்கிரமித்தவர்களின் நிலையை இப்போது நினைத்துப் பாருங்கள். பம்புக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குக் கரி வேண்டும். கரிக்குச் சுரங்கம் காய்ந்திருக்க வேண்டும். அதற்குப் பம்பு ஓட வேண்டும். இந்த வளையத்தில் எங்கே அறுந்தாலும் மற்றவை அடுத்தடுத்து நிற்கும். அனல்மின் நிலையத்தைச் சும்மா தொடங்கவும் முடியாது. கரியை அரைக்கவும் காற்றை ஊதவும் தண்ணீரை ஏற்றவும் முதலில் வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். கரியை முன்கூட்டியே மலைபோலக் குவித்து வைத்துக்கொள்ளலாமா? பழுப்பு நிலக்கரி காற்றுப் பட்டுக் கிடந்தால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். மேலேயிருந்து மழை வேறு. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2011 டிசம்பர் இறுதியில், தானே புயல் இந்த மாவட்டத்தின் மின்கம்பங்களை வரிசையாகச் சாய்த்துப் போட்டது.

இந்தக் கதையில் மனிதர்களுக்குத் துப்பாக்கியே வேண்டாம். எந்தக் கிணற்றில் எத்தனை நாள் இறைத்தால் எந்த மூலையில் அழுத்தம் இறங்கும், எந்தச் சரிவு மழைக்குப் பின் வழுக்கும் என்பதெல்லாம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஷிப்டு ஷிப்டாகச் சேர்ந்த அறிவு. எச். ஜி. வெல்ஸ் 1898இல் செவ்வாய்க் கோளினரைக் கிருமிகளால் தோற்கடித்தார். நெய்வேலியில் பம்ப் ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலே போதும்.

இது வெறும் கற்பனை இல்லை என்பதற்கு உக்ரைனின் தொன்பாஸ் சாட்சி. 2014க்குப் பின் போரில் கைமாறிய பகுதிகளில் பல நிலக்கரிச் சுரங்கங்களின் பம்புகள் நின்றன. யுன்கோம் என்ற சுரங்கத்தில் 1979இல் சோவியத் அரசு, வாயு வெடிப்பைக் குறைக்கும் சோதனையாகச் சிறிய அணு வெடிப்பு ஒன்றை நடத்தியிருந்தது. அந்தக் கதிரியக்கம் நீரில் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே அங்கே தொடர்ந்து இறைத்து வந்தார்கள். 2018இல் அதையும் நிறுத்தினார்கள். சுரங்கத்தைப் பிடித்தவர்களுக்கு நிலம் கிடைத்தது. கீழிருந்து ஏறிய நீரை யாரும் பிடிக்கவில்லை. சுற்றியுள்ள ஊர்களின் குடிநீருக்கு அது இன்னும் அச்சுறுத்தல்.

நெய்வேலியில் இறைக்கும் நீர் எங்கே போகிறது? ஒரு பங்கு மின்நிலையங்களுக்கும் நகரியத்துக்கும். வறட்சிக் காலங்களில் சென்னைக்கும் போயிருக்கிறது. இன்னொரு பங்கு பரவனாற்றில் இறங்கி, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பக்கம் பாசனமாகிறது. குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் இதை நம்பி நடவு செய்கிறவர்களும் உண்டு. தங்கள் போர் வற்றியதற்கு இதே இறைப்பைக் குற்றம் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். பரவனாறு பிறகு உப்பனாற்றோடு சேர்ந்து கடலூர் முதுநகர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. அந்த உப்பனாற்றங்கரையில், சிதம்பரம் சாலையை ஒட்டி, சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளுக்கு நடுவே இருக்கும் ஓர் ஊர் குடிகாடு.

கதைக்குக் கண்ணும் மூக்கும் அங்கேதான் வைப்பேன். உப்பனாறு கடல் ஏறி இறங்கும் ஆறு. மேலேயிருந்து வரும் நல்ல நீர் குறைந்தால் உப்பு உள்ளே ஏறும். சுரங்கத்தில் பம்பு நின்றால், கோடைக்காலத்தில் ஆற்றின் உப்பளவு அதைக் காட்டிக்கொடுக்கக்கூடும். வலை போடுகிறவர்களுக்கு, எந்த மீன் எதுவரை ஏறி வருகிறது என்பதிலேயே சேதி தெரிந்துவிடும். நெய்வேலிக்குள் எவரையும் விடாத ஆக்கிரமிப்பாளர்களால் ஆற்றின் சுவையை மறைக்க முடியாது.

இந்த மக்களுக்கு இப்படிக் கண்காணிப்பது புதிதும் அல்ல. சிப்காட் வட்டார ஊர்க்காரர்கள், எந்த நாற்றம் எந்த ஆலைப் பக்கமிருந்து வருகிறது என்று குறித்துவைத்தவர்கள். 2004 முதல் அவர்களில் சிலர் பயிற்சி எடுத்து, ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்திக் காற்றை உறிஞ்சி, ஆய்வகத்துக்கு அனுப்பிப் பரிசோதித்தார்கள். கருவி எளியது, முறை முழு அறிவியல். நேரம், காற்றின் திசை, வாசனை, உடலில் தெரிந்த தொல்லை எல்லாம் பதிவு. இப்படி ஒரு குழுவைக் கதாநாயகர்களாக வைத்து எழுதப்பட்ட அறிவியல் புனைகதை எதையும் நான் படித்ததில்லை. தமிழில்தான் அது முதலில் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நிலம் கொடுத்தவர்களையும் விட்டுவிட முடியாது. நகரியமும் சுரங்கமும் வந்தபோது ஊர்கள் இடம்பெயர்ந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக, வளர்ந்துகொண்டிருந்த பயிரின் மேலேயே இயந்திரங்கள் இறங்கின. அந்தப் படங்களைப் பார்த்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆக்கிரமிப்புக் கதை எழுதுகிறவர் அந்த வயலில் நின்றவரின் பக்கமிருந்து தொடங்காவிட்டால், மற்றக் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் கதை பொய்யாகிவிடும்.

வேற்றுலகத்தார் கடைசியில் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரிய மண்ணைத் திரும்ப நிரப்பினாலும் கரி எடுத்த அளவுக்கு ஒரு பள்ளம் மிஞ்சும். பம்பு நின்றதும் அது ஏரியாகும். கிழக்கு ஜெர்மனியின் லௌசிட்ஸ் பகுதியில் பழுப்பு நிலக்கரிக் குழிகள் இப்படித்தான் ஏரிகளாயின. பார்க்க அழகு, ஆனால் பலவற்றில் மீன் வாழவில்லை. மண்ணிலிருந்த இரும்பு சல்பைடு காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து, நீர் எலுமிச்சைச் சாற்றை நெருங்கும் அளவுக்கு அமிலமாகியிருந்தது. படகுகளில் சுண்ணாம்பை ஏற்றிப் போய் ஏரிகளில் கரைக்கிறார்கள். ஒருமுறை கரைத்தால் தீராது, திரும்பத் திரும்பக் கரைக்க வேண்டியிருக்கிறது. நெய்வேலிக் குழி ஏரியாகி நிறைந்தால் அதன் நீரும் பரவனாற்றில்தான் வழியும். அது அமிலமா, நல்ல நீரா என்பதைப் பள்ளத்தில் வெளிப்பட்டுக் கிடக்கும் மண்ணின் கந்தகமும், சுண்ணாம்பை யார் செலவில் எத்தனை ஆண்டு கொட்டுவது என்ற ஒப்பந்தமும் முடிவு செய்யும்.