உங்களுக்குத் தெரியுமா? மாத்தளையில் கோட்டை வாசலே மயான வாசல்!

மாத்தளை நகரின் பழைய கிறிஸ்தவ மயானத்துக்குள் போக, 1803இல் பிரித்தானியர் கட்டிய மக்டோவல் கோட்டையின் வாசலைத் தாண்ட வேண்டும். கோட்டையில் பெரும்பாலும் மிஞ்சியது அந்த வாசல்தான்.

• கோட்டைக்கு, இலங்கையில் பிரித்தானியப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஹே மக்டோவலின் பெயர்.

• காவல் நீடித்தது சில மாதங்களே. 1803 ஜூனில் கண்டி பிரித்தானியரின் கைநழுவியதும், கோட்டைக் காவலுக்குத் தலைமை தாங்கிய கப்டன் மட்ஜ் தன் படையுடன் திருகோணமலைக்குப் பின்வாங்கினார்.

• மாத்தளைக்குச் சுமார் 25 கி.மீ. தெற்கே, கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே, பிரித்தானியரின் பழைய படைமுகாம் மயானமும் உள்ளது. அங்கே காவலாளரே கல்லறை கல்லறையாக அழைத்துச் சென்று கதை சொல்வார். கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த 1815 கண்டி ஒப்பந்தத்தில் முக்கிய பங்காற்றிய பிரித்தானிய அதிகாரி ஜோன் டொயிலி (மறைவு 1824) அங்கேதான் உறங்குகிறார். 1856இல் காட்டு யானை தாக்கி இறந்த ஜோன் ரொபர்ட்சனும் அங்கேயே.

• 19ஆம் நூற்றாண்டில் மன்னாரில் கரையிறங்கிய தமிழ்த் தொழிலாளர், காடு கடந்து மாத்தளை வழியாகத்தான் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தனர். ஆனால், வழியில் மாண்ட ஆயிரக்கணக்கானோருக்கு இந்த மயானங்களில் உள்ளதுபோலப் பெயர் பொறித்த கல் இல்லை. மாத்தளைக்குப் போனால், அந்தக் கோட்டை வாசலில் நின்று அவர்களையும் நினையுங்கள்.