கண்ணிமை ஏன் முதலில் சரிகிறது?

நாவிதன்வெளியைச் சுற்றியுள்ள வட்டைகளில் வேளாண்மை விளையும் காலத்தில் காவலுக்கு வாடியில் படுப்பது பழைய வழக்கம். தரையில் பாய் விரித்துப் படுப்பவரை இரவில் கடிக்கும் பாம்புகளில் கட்டுவிரியனுக்கே நாம் அதிகம் பயப்பட வேண்டும். அது கடித்த இடம் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. பல் பட்ட அடையாளம்கூடப் பல நேரங்களில் தெரியாது. நடுச்சாமத்தில் வயிற்றுவலியோடு எழும்புகிறவர், இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் திரும்பப் படுத்துவிடுவார். விடியும்போது கண்ணிமைகள் பாதி சரிந்திருக்கும். ஒரு ஆள் இரண்டாகத் தெரிவார். எச்சில் விழுங்க முடியாது.

இமை ஏன் சரிகிறது என்று கேட்டால், நரம்புத் தொகுதியையே விளக்க வேண்டி வரும். பாடப்புத்தகங்கள் அதை மூளையில் தொடங்கிச் சொல்லும். விவசாயம் செய்கிற நமது பிரதேசத்துக்கு அதை மறுமுனையிலிருந்து, நரம்பு போய்த் தசையைச் சேரும் இடத்திலிருந்து சொல்வதே பொருத்தம் என்பது என் எண்ணம். இங்கே பல உயிர்கள் போவதும் மீள்வதும் அந்த இடத்தில்தான்.

ஆனாலும் மேலேயிருந்து ஒருமுறை இறங்கி வந்துவிடுவோம். மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன. சிந்திப்பதும் கட்டளையிடுவதும் மூளியத்தின் வேலை. உடலின் சமநிலையை மூளி பார்த்துக்கொள்கிறது. நாம் தூங்கும்போதும் மூச்சை நடத்துவது அடியில் இருக்கும் நீள்வளைய மையவிழையம். அதிலிருந்து முள்ளந்தண்டுக்குள் இறங்கும் முண்ணாண், சுண்டுவிரல் பருமனில் சுமார் 45 சென்ரிமீற்றர் நீளம் போய் இடுப்புக்குச் சற்று மேலே முடிகிறது. மூளையிலிருந்து 12 சோடி நரம்புகளும் முண்ணாணிலிருந்து 31 சோடி நரம்புகளும் பிரிந்து உடலெங்கும் போகின்றன.

ஒவ்வொரு நரம்பும் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளின் கட்டு. கால் பெருவிரலை அசைக்கும் நரம்புக்கலம் முண்ணாணுக்குள் இருக்கிறது. அதன் ஒற்றை இழை அங்கிருந்து பாதம் வரை, ஏறக்குறைய ஒரு மீற்றர் நீள்கிறது. இழையின் சுவர் வழியே சோடியம் அயன்கள் உள்ளே பாய்வதால் பிறக்கும் மின்துடிப்புத்தான் செய்தி. கொழுப்புறை போர்த்திய தடித்த இழையில் அது நொடிக்கு 100 மீற்றருக்கும் மேல் ஓடும். மந்தமான வலியைக் கொண்டுபோகும் உறையில்லாத இழையில் நொடிக்கு ஒரு மீற்றர் அளவுதான். வரம்பில் நடக்கும்போது முள் குத்தினால், வலி என்று உணரும் முன்பே காலை இழுத்துக்கொள்கிறோம். மூளையைக் கேட்காமல் முண்ணாணே எடுக்கும் முடிவு அது.

இவ்வளவு வேகமாக வரும் துடிப்பு நரம்பின் நுனியில் நின்றுவிடுகிறது. நுனிக்கும் தசைக்கும் நடுவே, ஒரு மில்லிமீற்றரை இருபதாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவுக்கு இடைவெளி இருக்கிறது. மின்துடிப்பு அதைத் தாண்டாது. நுனியில் சின்னஞ்சிறு பைகளில் நிறைந்திருக்கும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் வெளிப்பட்டு, இடைவெளியைக் கடந்து, தசையில் உள்ள வாங்கிகளில் பொருந்தும்போதே தசை சுருங்கும். வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்தாலும் வக்கடை திறந்தால்தானே வயலுக்குள் பாயும்.

நரம்பு இரசாயனத்தால் பேசுகிறது என்பதை 1921இல் ஒட்டோ லோவி தவளை இதயங்களைக் கொண்டு காட்டினார். ஒரு இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலே இரண்டாவது இதயமும் மெதுவாகத் துடித்தது. அதற்காக 1936இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கட்டுவிரியன் இனத்தின் நஞ்சு தாக்குவது இந்த இடைவெளியைத்தான். நஞ்சின் ஒரு கூறு தசையின் வாங்கிகளை அடைத்துக்கொள்கிறது. இன்னொன்று நரம்பு நுனிக்குள்ளேயே புகுந்து, பைகளைத் தீர்த்து, நுனியைச் சிதைக்கிறது. ஓயாமல் வேலை செய்யும் கண் தசைகளுக்குச் சேமிப்புக் குறைவு. அதனால் இமை முதலில் சரிகிறது, பிறகு தொண்டை, கழுத்து, கடைசியில் மூச்சை இழுக்கும் தசையான பிரிமென்றகடு. மூச்சு நிற்பது அப்போதுதான். இதயமோ தன் துடிப்பைத் தானே உண்டாக்குவது; அதிலுள்ள வாங்கிகளும் வேறு வகை. ஆகவே மூச்சு நின்ற பிறகும் அது சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும்.

இதில் என்னை மிகவும் பாதிக்கும் விடயம் ஒன்று உண்டு. உணர்ச்சியை மேலே கொண்டுபோகும் நரம்புகளை இந்த நஞ்சு தொடுவதில்லை. விரலைக்கூட அசைக்க முடியாமல், கண் திறக்காமல் கிடப்பவருக்கு நம் பேச்சுக் கேட்கக்கூடும், கிள்ளினால் வலிக்கக்கூடும். பார்ப்பவர்களோ முடிந்துவிட்டது என்று அழத் தொடங்கிவிடுகிறார்கள். முடியவில்லை. அவருக்காக ஒரு இயந்திரம் மூச்சுவிட்டால் அவர் பெரும்பாலும் திரும்பி வருவார். அனுராதபுரம் வைத்தியசாலையில் 1996 முதல் 1998 வரை கட்டுவிரியன் கடித்து வந்த 210 பேரை வைத்தியர் குலரத்ன ஆராய்ந்தார். ஏறக்குறைய பாதிப் பேருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. மிகப் பெரும்பாலானோர் உயிர் பிழைத்தார்கள்.

குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் விஷமுறிவு மருந்து, இரத்தத்தில் ஓடும் நஞ்சைத்தான் பிடிக்கும். சிதைந்த நரம்பு நுனியை அது சரிசெய்யாது. நுனி தானாகவே மீண்டும் வளர வேண்டும். அதற்கு நாட்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும். மருந்து எவ்வளவு முந்திப் போகிறதோ அவ்வளவு நுனிகள் தப்பும்.

1963இல் தைவானில் சாங், லீ என்ற இருவர் அங்குள்ள கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து இந்தக் கூறுகளைப் பிரித்தெடுத்தார்கள். வாங்கியை விடாமல் பற்றும் அந்தக் கூறைத் தூண்டிலாகப் பயன்படுத்தியே, தசையின் வாங்கி பிறகு பிரித்தெடுக்கப்பட்டது. தசைகளைச் சோர்வடையச் செய்யும் ஒரு நோயில் உடலே அந்த வாங்கிகளை அழிக்கிறது என்பதும் அதனால் தெரியவந்தது.

வயலில் இதே இடைவெளிக்கு இன்னொரு பகை உண்டு: ஒகனோபொசுபரசு வகைக் கிருமிநாசினி. இது நேரெதிரான வழியில் கெடுக்கிறது. வேலை முடிந்த அசற்றைல்கோலினை உடைத்துத் துப்புரவாக்கும் நொதியத்தை இது முடக்கிவிடும். இரசாயனம் தேங்கித் தசைகள் துடிக்கும். நாம் நினையாமலே உடலை நடத்தும் தன்னாட்சி நரம்புகளும் கட்டுமீறும்: கண்ணீர், எச்சில், வியர்வை கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். முற்றினால் இங்கும் மூச்சு நிற்கும். இவ்வகையில் மிகக் கொடிய மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் இரண்டையும் இலங்கை 1995இல் நிறுத்தியது. செய்ய வேண்டிய காரியமே அது. ஆனால் மருந்தடிக்கும்போது காற்றுக்கு எதிரே நிற்காமலிருப்பதும், முடித்தவுடன் சவர்க்காரம் போட்டுக் குளித்து உடுப்பை மாற்றுவதும் நம் கையில்தான் இருக்கின்றன.

2016இல் வெளியான தேசிய ஆய்வின்படி இலங்கையில் ஆண்டுக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. ஏறக்குறைய 400 பேர் இறக்கிறார்கள். வாடியில் தங்குபவர்கள் தரையில் படுக்க வேண்டாம். கட்டிலோ பரணோ போட்டு, நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுங்கள். இரவில் காரணமில்லாத வயிற்றுவலியோடு எழும்பினால், அல்லது விடியும்போது இமை கனத்தால், கடித்த அடையாளத்தைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கீற வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம். பரிசாரியாரிடம் போய்விட்டு வருவோம் என்று நேரத்தைக் கழிக்கவும் வேண்டாம். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடினால் எந்த வழியாகப் போவது என்பதை மழைக்கு முன்பே குடும்பத்தில் பேசி வையுங்கள். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே கொண்டுபோங்கள். அவர் காதில் விழும்படி மரணத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.