கிருமிகளின் நீச்சல்

பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் வாழும் நாம், புதிய ஊரில் கால் வைத்ததும் முதலில் விசாரிப்பது தண்ணீரைப் பற்றியேயாகும். அத்தண்ணீர், அதில் வாழும் நுண்ணுயிர்களுக்கு எத்தகைய உலகம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரான். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் 500-ல் ஒரு பங்கு. ஆற்றில் நீந்துபவன் கைவீச்சை நிறுத்தினாலும் சிறிது தூரம் முன்செல்வான். பாக்டீரியாவுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. அத்துணைச் சிறிய உடலுக்கு நீரின் பாகுத்தன்மையே பெருந்தடை. முயற்சி நின்றால், ஓர் அணுவின் அகலத்தைக் கடக்குமுன் அதுவும் நின்றுவிடும். 1976-ல் அமெரிக்கப் பௌதிக அறிஞர் எட்வர்டு பர்சல் இதனைத் தமது சொற்பொழிவொன்றில் விளக்கினார். அங்கே துடுப்பை ஒரே பாதையில் முன்னும் பின்னும் அசைப்பதாற் பயனில்லை. முன்சென்ற தூரம் பின்னசைவில் கழிந்துபோகும்.

பின் எவ்வாறு நீந்துகிறது? திருகாணி போன்ற தன் வால் இழைகளை விநாடிக்கு நூறு முறைக்கு மேல் சுழற்றி முன்னேறுகிறது. ஏறத்தாழ ஒரு விநாடி நேராகச் செல்லும். பின் ஒரு கணம் தடுமாறி, வேறு திசையில் புறப்படும். வழியில் சத்து மிகுந்து வருமாயின் நேர்ப்பயணத்தை நீட்டிக்கும். இரையை அடையும் உபாயம் இதுவே. வைரஸுக்கு இத்தகைய உறுப்பு இல்லை. நீர் மூலக்கூறுகள் ஓயாது மோதித் தள்ள, அலைந்து திரிந்து, தற்செயலாகவே உயிரணுவைப் பற்றுகிறது.

இவ்விவரங்களால் நமக்கு ஆவதென்ன? காலராக் கிருமிக்கும் சுழலும் வால் ஒன்று உண்டு. 1884-ல் ராபர்ட் காக் அதனைக் கல்கத்தாவின் குளத்து நீரில் கண்டார். குடலை அடைந்ததும் அது வழுவழுப்பான படலத்தினூடே நீந்திச் சுவரைப் பற்றுகிறது. அங்கே அது சுரக்கும் நஞ்சே உடலின் நீரை வடியச் செய்கிறது என்பதை 1959-ல் அதே நகரில் சம்புநாத் டே நிலைநாட்டினார்.

பெருக்கமோ இன்னும் வியப்புக்குரியது. தக்க சூழலில் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் ஈ. கோலை ஒன்று, ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும்.

ஆகவே, தெளிந்த நீரெல்லாம் தூய நீராகாது; 2 மைக்ரான் நம் கண்ணுக்குப் புலனாவதன்று. நீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டால் கிருமியின் புரதங்கள் சிதையும். வாலும் ஓயும், உயிரும் ஓயும். ஆறிய நீரை மூடி வைப்போம். கைபடாது மொண்டு அருந்துவோம். எவ்வூரில் வாழினும் இது நம்மால் இயல்வதன்றோ?