சறுக்கப் பழகும் ஞாயிறுகள்

எமது தமக்கையின் மகன் இங்கிலாந்துக்குப் பயணமானபோது தாய் அவனிடம் பெற்ற வாக்குறுதி ஒன்றேயாம்: மோட்டார் சைக்கிளில் ஏறுவதில்லை என்பது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் நாம் அங்கே சென்றிருந்த வேளை, ஒரு ஞாயிறு அதிகாலையில் அவன் ஒரு வானின் பின்கதவைத் திறந்து காட்டினான். உள்ளே பட்டிகளாற் பிணிக்கப்பட்டு ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது.

"றோட்டிலை ஓடுறேல்லை, மாமா. அம்மாவுக்குச் சொல்லாதையுங்கோ. ஒருக்கால் வந்து பாருங்கோ" என்றான். வாக்குத் தவறியவன் சட்டம் பேசுகிறானே என்று எண்ணியவாறு, வழியிற் கண்டிக்கலாம் என நாமும் ஏறி அமர்ந்தோம்.

அவன் பழகும் விளையாட்டுக்குச் சுப்பர்மோட்டோ என்று பெயர். தார்ப் பாதையில் ஓடுபவன், மண் வட்டத்தில் ஓடுபவன், மேடுபள்ளந் தாண்டிப் பாய்பவன் ஆகிய மூவருள் வல்லவன் யார் என்ற வினாவிலே பிறந்தது அது. 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் மூவகையினரையும் கலிபோர்னியாவிலுள்ள கார்ள்ஸ்பாட் ஓடுகளத்தில் ஒருங்கே மோதவிட்டது. பின்னர் பிரான்ஸ் முதலிய ஐரோப்பிய நாடுகள் இவ்விளையாட்டைத் தத்தெடுத்து வளர்த்தன. 2002இல் உலகச் சாம்பியன் போட்டியும் தொடங்கிற்று.

வண்டியும் கலப்புப் பிறவியே. மேடுபள்ளங்களிற் பாய ஆக்கப்பட்ட 450 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் வண்டியில், 21 அங்குல முன்சக்கரத்தை நீக்கி 17 அங்குலச் சக்கரமும், அகன்ற மெதுமையான ரயரும், பெரிய பிரேக் தட்டும் பூட்டுவார்கள். அதன் இயந்திரத்தின் உழைப்பை மைலாலன்றி மணித்தியாலத்தால் அளக்கிறார்கள். இத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எண்ணெய், இத்தனைக்கு ஒருமுறை பிஸ்டன் என்பது கணக்கு. கிழமை நாட்களிற் கணக்காளனாயிருப்பவனுக்குச் செலவுக் கணக்கு மட்டும் பார்க்கத் தெரியவில்லை போலும்!

களத்திலே நாம் எதிர்பார்த்த ஆரவாரம் இல்லை. பத்திரத்திற் கையொப்பமிட்டார்கள், இரைச்சலை அளந்தார்கள், மஞ்சட் கொடி கண்டால் மெதுவாதல், செங்கொடி கண்டால் நிறுத்துதல் எனப் பாடம் நடந்தது. புதியவர், இடைநிலையினர், விரைவோர் என மூன்று குழுக்கள். முறைக்குப் பதினைந்து நிமிடம்.

முற்பகல் முழுவதும் அவன் ஒரே வளைவோடு போராடினான். நேர்ப்பாதையில் விரைந்து வந்து முன்பிரேக்கை இறுகப் பிடித்தால் பாரமெல்லாம் முன்னே சாயும், பின்சக்கரம் இலேசாகும். அவ்வேளை கியரைக் குறைத்து, கிளச்சை அளவாக விட்டால், பின்புறம் வெளியே சறுக்கும். வளைவை அடையுமுன்பே வண்டி திரும்பிவிட்டிருக்கும். உட்புறக் காலை முன்னே நீட்டி, உடலை நிமிர்த்தி, வண்டியை மட்டுஞ் சாய்க்க வேண்டும். கிளச்சைத் திடீரென விட்டாற் சக்கரம் துள்ளும். கண் வளைவின் முடிவிலே பதிந்திருத்தல் வேண்டும். மருமகனோ தன் முன்சக்கரத்தையே பார்த்தான். பயிற்றுநர் அதனையே திரும்பத் திரும்பச் சொன்னார், முகஞ் சுளிக்கவில்லை. ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்குச் சற்றே வெட்கமாயிருந்தது.

மதிய உணவின் பின் முதற் சுற்று. ரயர் குளிர்ந்திருந்ததை அவன் மறந்துவிட்டான். அதே வளைவில் வண்டி ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமுமாகத் தாரிலே வழுக்கிச் சென்றனர். மஞ்சட் கொடி அசைந்தது. எமது கைகள் வேலிக்கம்பியைப் பற்றியிருந்தமை அவன் எழுந்து நின்ற பின்னரே தெரிந்தது. தோலாடை காத்தது, வலது தோள் மட்டும் கன்றிப்போயிற்று. "பிழை என்னிலைதான், மாமா" என்றான். வண்டியை நிமிர்த்திச் சோதித்துவிட்டு, அடுத்த முறையிற் புதியவர் குழுவோடு சேர்ந்து மெதுவாக ஓடினான். எவரும் அவ்வாறு பணிக்கவில்லை.

மாலையிலே, ஒரேயொரு முறை, அந்த வளைவு அவனுக்கு வசமாயிற்று. தலைக்கவசத்தைக் கழற்றியபோது, கேத்திரகணிதத் தேற்றம் திடீரென விளங்கிய மாணவனின் முகம் அவனுக்கு இருந்தது. நாம் மனத்திலே தயாரித்து வைத்திருந்த கண்டனவுரை அங்கேயே நின்றுபோயிற்று. ஆயினும் அன்றிரவு தமக்கையுடன் பேசவேண்டுமே! ஒளிக்க மாட்டோம் என்று வானிலே சொன்னோம். அவன் நெடுநேரம் பேசாதிருந்து, தொலைபேசியைத் தானே வாங்கி, வாக்குத் தவறியதையும் விழுந்ததையும் சொன்னான்.

மறுமுனையில் ஒலியே இல்லை. பின்பு தமக்கை கேட்டாள்:

"தோளுக்கு என்ன பூசினனீ?"