பெயர் சொல்லி அழைக்கும் கடை

அந்நிய நகரிற் குடியேறுவோர்க்கு முதலிற் கிடைப்பது வீடு. அயல் கிடைக்கக் காலம் செல்லும். மெல்பேண் நகரில் நாம் வாழ்ந்த நாட்களில் அவ்வயலை எமக்கு அளித்தது, பெருநிறுவனம் எதனையும் சாராத ஒரு சிறு கோப்பிக்கடையே.

இரண்டாம் உலகப் போரின் பின் அங்குக் குடியேறிய இத்தாலியர் எஸ்பிரசோக் கோப்பியை அந்நகரில் வேரூன்றச் செய்தனர். பேர்க் வீதியில் 1954இல் தோன்றிய பெலகிரினீஸ் கடை அக்காலத்தின் சின்னமாயிற்று. 2000இல் அவுஸ்திரேலியாவுக்கு வந்த ஸ்டார்பக்ஸ் நிறுவனமோ, 2008இல் தன் 84 கடைகளுள் 61ஐ மூட நேர்ந்தது. தம்மை அறிந்த கடைக்காரர் அருகிருக்க, மக்கள் வேறிடம் நாடுவரோ?

எம் கடைக்காரர் மூன்றாம் நாளே, நாம் சீனியின்றி அருந்துவதை நினைவிற் கொண்டார். எம் நீண்ட பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பிழையின்றி உச்சரிக்கப் பயின்றார். ஒரு வாரம் நோயுற்றுக் கிடந்து மீண்டும் சென்றபோது, "எங்கே காணவில்லை?" என வினவினார். அம்மாநகரில் எம்மைத் தேடியவர் அவர் ஒருவரே. அன்றுதான் நாம் அவ்வூரவர் ஆனோம்.

நம் ஊருக்கும் புதியவர் வருவர். அவர்தம் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயரால் அழைப்போமாக. செலவில்லாத விருந்தோம்பல் அது.