ரிமோட் டெஸ்க்டாப்பில் பிரின்ட் கொடுத்தால் பேப்பர் எங்கே வரும்? வீட்டு பிரின்டரில் எடுக்க இதைச் செய்யுங்க!

வீட்டில் இருந்தபடி ஆபீஸ் கம்ப்யூட்டரை ரிமோட் டெஸ்க்டாப் மூலம் திறந்து, சம்பளப் பட்டியலுக்கு பிரின்ட் கொடுக்கிறீர்கள். கவனிக்காமல் விட்டால் அது ஆபீஸ் ஹாலில் இருக்கிற பிரின்டரில் வந்து விழும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்!

இதைத் தவிர்க்க விண்டோஸிலேயே 'பிரின்டர் ரீடைரக்‌ஷன்' என்ற வசதி இருக்கு. உங்கள் லேப்டாப்போடு இணைந்த பிரின்டரை, தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரும் பயன்படுத்த வைப்பதுதான் இதன் வேலை.

எப்படி செட் பண்றது?

முதலில் லேப்டாப்பில் இருந்து நேரடியாக ஒரு பக்கம் பிரின்ட் எடுத்துப் பாருங்க. அதுவே வரலைன்னா ரிமோட்டிலும் வராது. பிறகு 'ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன்' திறந்து, கனெக்ட் கொடுக்கும் முன்பே 'ஷோ ஆப்ஷன்ஸ்' அழுத்துங்கள். அதில் 'லோக்கல் ரிசோர்சஸ்' பகுதியில் 'பிரின்டர்ஸ்' என்பதை டிக் செய்ய வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருந்தால், இணைப்பைத் துண்டித்து மறுபடி கனெக்ட் ஆகணும்.

உள்ளே போனதும் பிரின்டர் பட்டியலைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'ரீடைரக்டட்' என்றும் ஒரு எண்ணும் இருந்தால், அதுதான் உங்க வீட்டு பிரின்டர்.

டிரைவர் வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். விண்டோஸ் சர்வர் 2008-ல் வந்த 'ஈஸி பிரின்ட்' முறையில், பக்கம் எக்ஸ்பிஎஸ் ஃபைலாக மாறி உங்கள் லேப்டாப்புக்கு வரும். அங்கே இருக்கிற டிரைவரே அச்சடித்துவிடும். லேசர், இங்க்ஜெட் பிரின்டர்களுக்கு இது போதும்.

தகராறு வருவது கடைகளில் பில் போடும் டாட் மேட்ரிக்ஸ், தெர்மல் பிரின்டர்களில்தான். பேப்பர் நீளம் மாறும், எழுத்து மங்கும், சில நேரம் ஒன்றுமே வராது. அப்போது அந்த பிரின்டரின் டிரைவரை ரிமோட் கம்ப்யூட்டரிலும் போட்டு, ஈஸி பிரின்ட்டுக்கு முன்னுரிமை தரும் குரூப் பாலிசியை அட்மின் நிறுத்தி வைக்க வேண்டும்.

இன்னொரு தலைவலி அந்த எண். ஒவ்வொரு முறை லாகின் ஆகும்போதும் அது மாறலாம். நேற்று 2 என்று இருந்தது இன்று 5 ஆகிவிட்டால், பழைய பெயரை நினைவில் வைத்திருக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் 'பிரின்டர் இல்லை' என்று சொல்லும். லேப்டாப்பில் அந்த பிரின்டரை டீஃபால்ட்டாக வைத்துவிட்டு, சாஃப்ட்வேரிலும் டீஃபால்ட் பிரின்டரையே தேர்வு செய்வது நல்லது.

டிக் செய்தும் வரலையா?

ஆபீஸ் அட்மின் இந்த வசதியைத் தடுத்திருக்கலாம். ஆபீஸ் ஆவணம் வீட்டில் அச்சாவது, தகவல் வெளியே போவதற்குச் சமம் என்பதால் பல நிறுவனங்கள் இதை அனுமதிப்பதில்லை. குறுக்கு வழி தேடாமல் அட்மினிடம் கேளுங்க. அதேபோல, ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை இன்டர்நெட்டில் நேரடியாகத் திறந்து வைக்கவே கூடாது. விபிஎன் வழியாக மட்டும் உள்ளே போங்கள்.