இருபத்தோராவது ஆட்டம்

1986 ஜூன் 16. மெக்சிகோவின் குவாதலஹாரா. உலகக் கோப்பைக் கால்பந்து. பிரேசிலிடம் போலந்து தோற்பது உறுதியாகிவிட்டது, இறுதியில் 4-0. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் 32 வயது விளாடிஸ்லாவ் ஷ்முடா மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். தோல்வியைத் தடுக்க அல்ல. அந்தத் தொடரில் அதுவரை அவர் ஆடவே இல்லை. இறங்கியதும் உலகக் கோப்பையில் அவர் ஆடிய ஆட்டங்கள் 21 ஆயின. அன்று உலகச் சாதனை அதுதான். ஜெர்மனியின் ஊவே ஸீலரும் அதே எண்ணிக்கையில் நின்றிருந்தார்.

மீதி இருபதும் எங்கிருந்து வந்தன? 1974-இல் 7, 1978-இல் 6, 1982-இல் 7. அந்த மூன்று உலகக் கோப்பைகளிலும் போலந்து ஆடிய ஆட்டம் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை.

1954-இல் லூப்ளினில் பிறந்தவர். நடுத் தடுப்பாட்டக்காரர். 1974-இல் மேற்கு ஜெர்மனிக்குப் போனபோது வயது 20. பக்கத்தில் சக தடுப்பாட்டக்காரராக மலைபோல் யெர்சி கோர்கோன். முன்வரிசையில் லாட்டோ 7 கோல் அடித்துப் பெயர் வாங்கினார். பின்னால் நின்ற இந்தப் பையனுக்குத் தொடரின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது. போலந்துக்கு மூன்றாம் இடம். இரண்டு ஆண்டு கழித்து மொன்ட்ரியால் ஒலிம்பிக்கில் வெள்ளி.

1980-இல் ஒரு வம்பு. வார்சா விமான நிலையத்துக்குப் போலந்து அணியின் கோல்கீப்பர் மிளினார்ச்சிக் குடித்துவிட்டு வந்தார் என்று பயிற்சியாளர் அவரை விட்டுச்செல்லப் பார்த்தார். போனியெக், டெர்லெட்ஸ்கி, ஷ்முடா மூவரும் தோழனுக்காக நின்றார்கள். நால்வருக்கும் தடை. டெர்லெட்ஸ்கி தவிர மற்றவர்கள் அடுத்த உலகக் கோப்பைக்குத் திரும்பிவிட்டார்கள்.

1982 ஸ்பெயினில் கேப்டன் அவரே. அவருடைய ஆட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஆட்டத்தைப் பார்க்கச் சொன்னால், ஜூலை 4 அன்று பார்சிலோனாவில் சோவியத் யூனியனுடன் நடந்ததைச் சொல்வேன். முந்தைய டிசம்பரில்தான் போலந்தில் ராணுவச் சட்டம் வந்திருந்தது. அதன் பின்னால் மாஸ்கோவின் நிழல் இருந்தது ஊரறிந்த விஷயம். பார்வையாளர் வரிசையில் முடக்கப்பட்ட சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் பதாகைகள். கணக்கோ எளிது: மூன்று அணிகள் கொண்ட அந்தப் பிரிவில் பெல்ஜியத்தைப் போலந்து 3-0 என்றும், சோவியத் 1-0 என்றும் வென்றிருந்தன. ஆகவே சமன் செய்தாலே போலந்துக்கு அரையிறுதி. கோல் அடிக்க வேண்டியதில்லை, வாங்காமல் இருந்தால் போதும். தடுப்பாட்டக்காரனுக்கென்றே அமைந்த நாள். 0-0. அதுவரை ஐந்து ஆட்டங்களில் போலந்து வாங்கியது ஒரே கோல், அதுவும் 5-1 என்று வென்ற பெரு ஆட்டத்தில். அரையிறுதியில் இத்தாலியின் ரோஸி இரண்டு அடித்துக் கதையை முடித்தார். பிரான்ஸை 3-2 என வென்று மறுபடியும் மூன்றாம் இடம்.

உள்நாட்டில் ராணுவத்தின் கிளப்பான ஷ்லாஸ்க் விராட்ஸ்வாவிலும், பிறகு விட்ஸேவ் வூட்ஜிலும் லீக் பட்டம் வென்றார். கம்யூனிஸ்ட் போலந்தில் முப்பதை நெருங்கும்வரை ஆட்டக்காரரை வெளிநாட்டுக்கு விட மாட்டார்கள். அதனால் இத்தாலியின் வெரோனாவுக்கு அவர் போனபோது வயது 28; நல்ல ஆண்டுகள் ஊரிலேயே கழிந்திருந்தன. பிறகு நியூயார்க் காஸ்மோஸ், கிரெமோனேசே.

நாட்டுக்காக 91 ஆட்டம், 2 கோல். உலகக் கோப்பைச் சாதனையை 1998-இல் ஜெர்மனியின் லோதர் மாத்தேயஸ் தாண்டினார்.